வீடும் வாசலும்: பழைய திமிசு மெஷினுக்கு வளையலை அடகு வைக்கலாமா?

தென் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"அக்கா, எங்கள் வீட்டு முன்வாசல் மழை வந்தால் ஒரே சகதி. மாமியாருக்கு எழுபது வயசு. போன மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. பேவர் பிளாக் கல் பாவிவிடலாம் என்று முடிவு செய்தோம். இவரோ, 'தரையை இறுக்குற மெஷின் ஒண்ணு பழசா, சல்லிசா வருது. வாங்கிப் போட்டா நம்ம வேலையும் முடியும், அப்புறம் வாடகைக்கும் விடலாம்' என்கிறார். அதற்கு என் இரண்டு வளையலைத்தான் அடகு வைக்க வேண்டும். மெஷினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சரி என்பதா, வேண்டாம் என்பதா?"

மெஷினைப் பற்றி என்ன தெரியுமா? நன்றாயிருக்கிறதே! மிக்ஸி சத்தம் மாறினால் 'பேரிங் போச்சு' என்று அடுப்படியிலிருந்தே சொல்கிறவர்கள் நாம். கிரைண்டர் பெல்ட் தொய்ந்ததும், தையல் மெஷினுக்கு எண்ணெய் கேட்பதும் நம் காதுக்குத்தான் முதலில் தெரிகிறது. இந்த மெஷினும் அந்த ஜாதிதான். ஒரு எஞ்சின், ஒரு பெல்ட், அடியில் கனமான இரும்புத் தட்டு. அவ்வளவுதான் சகோதரி, பயப்படாதீர்கள்.

கடைக்காரர்கள் இதைப் 'பிளேட் காம்பாக்டர்' என்பார்கள். நம் பாட்டி காலத்தில் திமிசுக்கட்டையை இரண்டு கையாலும் தூக்கித் தொம் தொம் என்று போடுவார்களே, அந்த வேலையை இது செய்கிறது. ஆனால் முறை வேறு. கட்டை இடித்து இறுக்கும். இது அதிர வைத்து இறுக்கும். தட்டுக்கு மேலே ஒரு பெட்டிக்குள் ஒரு பக்கம் கனம் கூடின தண்டு ஒன்று எண்ணெயில் சுழலும். அது சுற்றுகிற வேகத்தில் தட்டு முழுவதும் குலுங்கும். டப்பாவில் ரவையைக் கொட்டிவிட்டு மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினால் ரவை கீழே இறங்கி மேலே இடம் விடுமே, அதேதான். மணலும் ஜல்லியும் கிராவலும் இப்படிக் குலுக்கினால் ஒன்றின் இடுக்கில் ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைச் செய்யாமல் கல் பாவினால் என்ன ஆகும்? கல் அழகாகத்தான் இருக்கும், முதல் மழை வரைக்கும். பிறகு ஆங்காங்கே உள்வாங்கும். ஒரு கல் அரை அங்குலம் இறங்கி, பக்கத்துக் கல் அப்படியே நின்றால் வயதானவர்களின் கால் விரல் அதில்தான் தட்டும். சகதியில் வழுக்கி விழுந்தவர் கல்லில் தடுக்கி விழுவதற்கா இத்தனை செலவு? முக்கியமாக, எப்போதோ குழாய் பதிக்கவோ செப்டிக் டாங்க் வைக்கவோ தோண்டி மூடிய இடங்கள் இருக்கும். அங்கேதான் முதலில் பள்ளம் விழும். "தண்ணி ஊத்தி ரெண்டு நாள் விட்டா தானா இறுகிடும்மா" என்று மேஸ்திரி சொன்னால், அந்த இடத்தை மட்டுமாவது மறுபடி தோண்டச் சொல்லி, நாலு நாலு அங்குலமாக மண் போட்டு இடிக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

மெஷினுக்குப் பணம் கொடுக்கும் முன்பு உங்கள் மண் எது என்று பாருங்கள். செம்மண், சரளை, மணல் கலந்த பூமியென்றால் இந்தத் தட்டு மெஷின் நன்றாக வேலை செய்யும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கம் போல் கரிசல் மண்ணாக இருந்தால் குலுக்கிப் பிரயோஜனம் இல்லை. களிமண்ணுக்குக் குலுக்கல் போதாது, குத்து வேண்டும். அதற்கு 'ரேமர்' என்று, ஒற்றைக் காலால் குதிக்கிற மாதிரி வேறொரு மெஷின் இருக்கிறது. அதைக் கொண்டு குத்தினாலும் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன் சுபாவம் போகாது. மேல் மண்ணை வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புவதுதான் வழி. இந்த விவரம் தெரியாமல், தட்டு மெஷினை வாங்கிக் கரிசல் மண்ணில் ஓட்டி, 'மெஷின் சரியில்லை' என்று திட்டுகிறவர்கள் உண்டு.

ஈரப் பதமும் முக்கியம். அமெரிக்காவில் அணைக்கட்டு வேலை பார்த்த ரால்ஃப் பிராக்டர் என்ற எஞ்சினீயர் 1933-ல் ஒரு விஷயத்தை எழுதி வெளியிட்டார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு பதம் உண்டு. அதற்குக் குறைந்தாலும் இறுகாது, கூடினாலும் இறுகாது என்பது அது. இன்றைக்கும் ரோடு போடுகிறவர்கள் அவர் பெயரில் உள்ள பரிசோதனையைத்தான் செய்கிறார்கள். நமக்குப் பரிசோதனைச் சாலை எதற்கு? புட்டு மாவுப் பதம் தெரியுமல்லவா! கையில் எடுத்துப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கிராவலும் அப்படியே. பிடியே நிற்கவில்லையென்றால் தண்ணீர் தெளியுங்கள். கையில் ஈரம் ஒட்டினால் ஒரு பொழுது காயவிடுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். உங்கள் வாசல் 12 அடிக்கு 25 அடி, ஆக 300 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாலு அங்குலம் கிராவல் என்றால் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். இறுக்கினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அமுங்கிவிடும் என்பதால் ஒன்றே கால் யூனிட்டுக்குக் குறையாமல் சொல்லுங்கள். மேலே ஒரு அங்குலம் மணல், கால் யூனிட். 20 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் செங்கல் வடிவக் கல் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும். உங்கள் வாசலுக்கு ஏறத்தாழ 1,400. உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மெஷின் ஓடப்போவது எவ்வளவு நேரம் தெரியுமா? கிராவலின் மேல் நாலு சுற்று, கல் பாவிய பிறகு இரண்டு சுற்று, இடுக்கில் மணல் பெருக்கிய பிறகு இரண்டு சுற்று. எல்லாம் சேர்த்து ஒரு பகல் கூட ஆகாது! வேலை இரண்டு தடவையாகப் பிரிந்து வருவதால் இரண்டு நாள் வாடகை என்று வைத்தாலும், அவ்வளவுதான். கலவை மெஷினும் சென்ட்ரிங் சாமானும் வாடகைக்கு விடுகிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆகவே உங்கள் வாசலுக்காக மட்டும் என்றால், சகோதரி, வளையல் கையிலேயே இருக்கட்டும்.

ஆனால் உங்கள் வீட்டுக்காரர் 'வாடகைக்கு விடலாம்' என்கிறாரே? அதையும் தள்ளிவிட முடியாது. அவர் கட்டட வேலை தெரிந்தவராக இருந்து, நாலு மேஸ்திரிகளோடு பழக்கமும் இருந்தால் இது சம்பாதித்துக் கொடுக்கக்கூடிய சாமான்தான். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். உங்கள் ஊரில் ஒரு நாள் வாடகை என்ன என்று விசாரியுங்கள். மெஷின் விலையை அதனால் வகுத்தால், எத்தனை நாள் வெளியே போனால் போட்ட காசு வரும் என்பது தெரியும். அதோடு அடகு வட்டி, பெட்ரோல், எண்ணெய், பெல்ட், ஏற்றி இறக்கும் வண்டிக் கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மெஷின் மூலையில் படுத்திருக்கும். வட்டி படுக்காது! "இன்னும் மூணு மாசத்துல யாரு யாரு வாடகைக்கு எடுப்பாங்க, பேர் சொல்லுங்க" என்று நேராகக் கேளுங்கள். ஐந்தாறு பேர் சட்டென்று வந்தால் யோசிக்கலாம். "வருவாங்க, வருவாங்க" என்று இழுத்தால் வரமாட்டார்கள் என்று அர்த்தம்.

சரி, வாங்குவதென்றே முடிவானால் நீங்களும் கூடப் போங்கள். 'பொம்பளைக்கு அங்கே என்ன வேலை' என்று யாராவது சொன்னால், 'வளையல் என்னுது' என்று சொல்லிவிடுங்கள்.

போனவுடன் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஆறின எஞ்சின் முதல் இழுப்பில் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் குணம் தெரியும். 'இன்னொரு நாள் காலையில வர்றோம்' என்று சொல்லி வந்துவிடலாம், தப்பே இல்லை. ஆறியிருந்தால், கிளப்புவதற்கு முன் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்துத் தடுக்க வேண்டும். தடுக்காமல் தொளதொளவென்று வந்தால் எஞ்சின் உள்ளே தேய்ந்து போயிருக்கக்கூடும்.

அடுத்து, காற்று போகும் பக்கத்து மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே வடிகட்டி இருக்கும். இந்த மெஷின் நாள் முழுக்கப் புழுதியில்தான் ஓடுகிறது. வடிகட்டி இல்லை, அல்லது கிழிந்து கிடக்கிறது என்றால் இத்தனை நாளும் எஞ்சின் மண்ணைத் தின்றிருக்கிறது. மேலே எவ்வளவு பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தாலும் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். எஞ்சின் எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். ஜரிகைத் தூள் மாதிரி மினுமினுப்புத் தெரிந்தால் உள்ளே இரும்பு தேய்ந்து வருகிறது. அதிர்வுப் பெட்டிக்குத் தனி எண்ணெய். அது பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்டி ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு மண் அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. பெட்டி பேரிங் கெட்டால் செலவு கொஞ்சத்தில் முடியாது. விலை பேசும்போது ஞாபகம் இருக்கட்டும்.

எஞ்சினுக்கும் தட்டுக்கும் நடுவில் நாலு ரப்பர்க் கட்டைகள் இருக்கும். குனிந்து நாலையும் பாருங்கள். வெடிப்பு விட்டிருந்தால் அதிர்வு முழுவதும் எஞ்சினுக்கும் ஓட்டுகிறவர் கைக்கும் ஏறும். ரப்பரை மாற்றுவது சுலபம்தான். அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பிறகு மெஷினைச் சாய்த்து அடித் தட்டைப் பாருங்கள். பற்றவைத்த இடங்களில் மயிரிழை போல் கீறல் தெரிகிறதா, தட்டு வளைந்திருக்கிறதா, நடுவில் தேய்ந்து மெலிந்திருக்கிறதா? தோசைக்கல் வளைந்தால் தோசை எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

இப்போது கிளப்பச் சொல்லுங்கள். சிமெண்ட் தரையில் வேண்டாம். கெட்டித் தரையில் ஓட்டினால் நல்ல மெஷினே கெடும். மண்ணிலோ மணலிலோ ஓட்டட்டும். மெதுவாக ஓடும்போது எஞ்சின் மட்டும்தான் ஓட வேண்டும், தட்டு சும்மா நிற்க வேண்டும். வேகம் கூட்டினதும் தட்டு குலுங்கத் தொடங்க வேண்டும். மெதுவாக ஓடும்போதே தட்டு ஆடினால் கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழு வேகத்தில், தள்ளாமலேயே தானாக நேரே முன்னால் நகர வேண்டும். ஒரு பக்கமாகவே இழுத்தால் ரப்பரோ தட்டோ சரியில்லை. கால் மணி நேரம் ஓடவிட்டுக் காத்திருங்கள். ஊதா கலந்த புகை விடாமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. இரும்பில் இரும்பு உரசுகிற சத்தமோ, உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தமோ வந்தால்... உங்கள் மிக்ஸிக் காது சொல்லிவிடும்.

பெட்ரோலில் ஓடுகிற பல மெஷின்களில் ஹோண்டா ஜி.எக்ஸ்.160 எஞ்சின் இருக்கும். 163 சி.சி., குடிக்கிற எஞ்சின் எண்ணெய் அரை லிட்டருக்குச் சற்று மேல். உதிரி சாமான் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் பழசிலும் அதற்கு மதிப்பு. ஆனால் அதே ஜாடையில், அதே சிவப்பும் வெள்ளையுமாக வேறு எஞ்சின்களும் உண்டு. அவை எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஹோண்டா விலையை அதற்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவே. எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் பழைய பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் தொடவே தொடாதீர்கள்; கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ராத்திரியில் கிளம்பி வந்த மெஷினாக இருக்கும். பில் இல்லையென்றால் விற்பவர் கையெழுத்தும் விலாசமும் எண்ணும் தேதியும் போட்ட சீட்டாவது வேண்டும். மின்சாரத்தில் ஓடும் மெஷின் மலிவாகக் கிடைத்தால், மூன்று பேஸ் கேட்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வீட்டில் ஒரு பேஸ் லைன் இருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எடை 60 முதல் 100 கிலோவுக்குள் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். அதைவிடக் கனமானதைச் சல்லிசாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆள் நடக்கிற வாசலுக்கு இரண்டு அங்குலக் கல், கார் ஏறுகிற இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கல் போடுவார்கள். அதன்மேல் பெரிய மெஷின் ஏறினால் கல் மூலை உடையும். சின்ன மெஷினானாலும் கல்லின் மேல் ஓட்டும்போது தட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பு மாட்ட வேண்டும். மெஷினோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.

வேலை நடக்கிற அன்று கவனிக்க நாலு விஷயம் மட்டும் சொல்கிறேன். கல்லுக்கு அடியில் விரிக்கும் ஒரு அங்குல மணலை இறுக்கக் கூடாது, அதன்மேல் நடக்கவும் கூடாது. அது தோசைக்கல்லில் ஊற்றின மாவு போல. கீழே பள்ளம் இருக்கிறதென்று மணலை மூன்று அங்குலம் போட்டு நிரவுவார்கள், விடாதீர்கள். பள்ளத்தைக் கிராவலால்தான் சரி செய்ய வேண்டும். ஓரக் கல்லை முதலிலேயே சிமெண்ட்டில் கட்டிவிட வேண்டும்; ஓரம் கட்டாத பக்கத்தில் ஒரு மீட்டருக்குள் மெஷின் போகக் கூடாது, கல் சரிந்துவிடும். வாட்டம் அடிக்குக் கால் அங்குலம், தெருவைப் பார்த்து. வீட்டுச் சுவரைப் பார்த்து அல்ல!

உடம்பைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்தப் பத்திரிகையில் எழுதி என்ன பயன்? இந்த மெஷின் போடுகிற சத்தம் காதைக் கெடுக்கக்கூடியது. ஓட்டுகிறவர் காதுக்கு அடைப்பு வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். கேலி செய்வார், விடாமல் வையுங்கள். கைப்பிடி அதிர்வு நாள் கணக்கில், வருஷக் கணக்கில் ஏறினால் விரல் மரத்துப் போகும், வெளுக்கும், ஊசி குத்துவது போல் இருக்கும். ஒருமுறை நன்றாக வந்துவிட்டால் முழுவதும் போவது கஷ்டம். வாடகைத் தொழிலாக எடுப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒரேயடியாக ஓட்டாமல் கால் மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளட்டும். ராத்திரி சாப்பிடும்போது 'கை ஜிவ்வுனு இருக்கு' என்றால் அலட்சியம் வேண்டாம். கார் ஷெட் மாதிரி மூடின இடத்தில் பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. அதன் புகையில் வாசனை தெரியாத விஷ வாயு, கார்பன் மோனாக்ஸைடு, இருக்கிறது. தலை சுற்றுகிறதே என்று உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்காமலே போனதுண்டு. கல்லை அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்; அந்த வெள்ளைத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. அறுக்கும் நேரத்தில் மாமியாரையும் குழந்தைகளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மெஷினைப் பிடிக்க வேண்டாம், சத்தத்துக்குப் பக்கத்திலும் நிற்க வேண்டாம். செருப்போடு யாரும் ஓட்டக் கூடாது; கால் விரல் தட்டுக்குள் போனால் அவ்வளவுதான்.

வேலை முடிந்து முதல் மழை பெய்ததும் கல் இடுக்குகளைப் பாருங்கள். மணல் கீழே இறங்கியிருக்கும். நன்றாகக் காய்ந்த மணலைச் சலித்து, ஒரு வெயில் நாளில் துடைப்பத்தால் மறுபடி பெருக்கி நிரப்பிவிடுங்கள். ஈர மணல் இறங்காது.